மலைக்கும் பள்ளிக்கும் ஒரே வண்டி: சஃபாரியா, ஸ்கார்பியோ-என்னா?

கேள்வி: பொள்ளாச்சியில் வசிக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், நான்கு வயது மகன், மூட்டுவலி உள்ள 68 வயது மாமியார் என வீட்டில் ஐந்து பேர். தினமும் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளைகளை நான்தான் காரில் அழைத்துச் செல்வேன். மாதம் ஒருமுறை வால்பாறைக்கு அப்பால் உள்ள உறவினரின் தோட்ட வீட்டுக்குப் போவோம். அங்கே கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் ஏற்றம் என்பதால் மழைக்காலத்தில் காரைக் கீழே நிறுத்திவிட்டு வாடகை ஜீப்பில் ஏறுவது வழக்கம். ஒரு கோடையில் லடாக் வரை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது கணவரின் நெடுநாள் ஆசை. டீசலில் எனக்கு டாடா சஃபாரி பிடித்திருக்கிறது. கணவர் மஹிந்திரா ஸ்கார்பியோ-என் ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டும் என்கிறார். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: இரண்டும் வெளி அளவில் ஏறத்தாழ ஒன்றுதான். சஃபாரியின் நீளம் 4,668 மி.மீ., ஸ்கார்பியோ-என்னின் நீளம் 4,662 மி.மீ.; ஆகவே வீட்டு வாசலில் நிறுத்துவதிலோ கொண்டை ஊசி வளைவில் திருப்புவதிலோ பெரிய வேறுபாடு இராது. வேறுபாடு அடியில் இருக்கிறது. ஸ்கார்பியோ-என் ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின்மேல் உடற்பகுதியை அமர்த்திச் செய்த வண்டி. என்ஜினின் விசை பின்சக்கரங்களுக்குப் போகிறது, ஃபோர் வீல் டிரைவ் வகையில் வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் போகும். சஃபாரியில் உடலும் சட்டமும் ஒன்றே. அதன் விசை முன்சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது, அதில் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது.

உங்கள் செம்மண் ஏற்றத்தில் இது எப்படி வெளிப்படும் என்பதைச் சொல்கிறேன். மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடி தளர்கிறது. தரையும் நனைந்த செம்மண்ணாக இருந்தால், இழுக்க வேண்டிய அதே சக்கரங்கள்தான் முதலில் வழுக்கிச் சுழலும். சஃபாரியில் கரடுமுரடான பாதைக்கும் ஈரப் பாதைக்கும் தனித்தனி நிலைகள் உண்டு. ஆனால் சுழலும் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து, என்ஜினின் விசையையும் கட்டுப்படுத்தித்தான் அவை உதவுகின்றன; பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோக அவற்றால் முடியாது. ஸ்கார்பியோ-என்னின் ஃபோர் வீல் டிரைவ் வகையில், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் இருப்பதால், நடை வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஏறவும், இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் என்ஜினின் இழுவையிலேயே இறங்கவும் முடியும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது முழுக்கச் சரி. அவர் கேட்பது ஃபோர் வீல் டிரைவ் என்பதிலும் தெளிவாக இருங்கள். விலையைக் குறைக்க அந்த வசதி இல்லாத ஸ்கார்பியோ-என்னை வாங்கினால், குடும்பத்துக்கான சில வசதிகளையும் விட்டுக்கொடுத்து, சேற்றில் ஏறும் திறனையும் பெறாத நிலையில் நிற்பீர்கள்.

இனி உங்கள் மாமியாரின் பக்கத்திலிருந்து பாருங்கள். சட்டத்தின்மேல் உடல் அமர்வதால் ஸ்கார்பியோ-என்னில் கால் வைக்கும் உள்தளம் உயரமாகிறது. மூட்டுவலி உள்ளவர் ஒவ்வொரு முறையும் ஒரு காலை ஊன்றி, உடலை உயர்த்தித்தான் ஏற வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்கே தெரியும். ஏணிச் சட்ட வண்டியின் பக்கவாட்டு ஆட்டம் ஓட்டுபவருக்கு அவ்வளவாகத் தெரியாது, பின்னால் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மலையேறும்போது வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள். சஃபாரியின் மூன்றாம் வரிசை இரண்டு பாதிகளாகப் பிரிந்து தட்டையாக மடங்கும் என்பதால் ஒரு பக்கம் பெட்டிகளும் மறுபக்கம் ஓர் ஆளும் இருக்கலாம். ஸ்கார்பியோ-என்னில் அது ஒரே பெஞ்சாக மடிந்து, பெட்டி வைக்கும் இடத்தில் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு இரண்டுமே ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றவை. குழந்தைகளின் பாதுகாப்புக்கு 2022 டிசம்பரில் ஸ்கார்பியோ-என் பெற்றது மூன்று. 2023 அக்டோபரில் சஃபாரி பெற்றது ஐந்து. நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வேறுபாட்டுக்கு நான் மிகுந்த எடை கொடுப்பேன். எந்த வண்டியானாலும் மகனுக்கு உரிய குழந்தை இருக்கையை வண்டி வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் இந்த நட்சத்திரங்கள் அவனுக்குப் பயன்படா.

ஆகவே என் தீர்ப்பு சஃபாரி. மழைக்காலத்தில் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு வாடகை ஜீப் கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே தொடருங்கள். லடாக்குக்கும் கோடையில் வழக்கமான பாதைகளில் முன்சக்கர விசை வண்டிகள் போய்வருகின்றன. அந்த ஜீப் வசதி இல்லாமலிருந்தாலோ, தோட்ட வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தாலோ, தயங்காமல் உங்கள் கணவரின் பக்கம் நின்றிருப்பேன்.

சஃபாரியில் 19 அங்குலச் சக்கரம் உள்ள வகையைத் தவிர்த்து, 17 அல்லது 18 அங்குலம் உள்ளதைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் கல்லில் மோதும்போது ரிம் அடிபடும் வாய்ப்பு குறையும்.

இன்னொன்று, இரண்டு வண்டிகளுக்கும் பொதுவானது. பி.எஸ். 6 என்னும் புகை மாசு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து தீர வேண்டுமானால் புகைக்குழாய் நன்கு சூடேற வேண்டும். தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடக்காது. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள்; எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தாமல், கையேட்டில் சொன்னபடி ஓட்டி முடியுங்கள்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் உள்ள ஸ்கார்பியோ-என் வாங்கியிருக்கிறேன். கூடுதல் பிடிப்பு நல்லதுதானே, தார்ச்சாலையிலும் எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் 4 ஹெச் நிலையிலேயே ஓட்டலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. 4 ஹெச் நிலையில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படுவதால் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லாமல் போகிறது. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லாததால் அந்த முறுக்கம் முழுவதும் கியர்களிலும் அச்சுகளிலும் ஏறி அவற்றைத் தேய்க்கும். தார்ச்சாலையில், பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் 2 ஹெச் நிலையில் ஓட்டுங்கள். மண் பாதை தொடங்கும் இடத்தில், சக்கரம் சிக்கிக்கொள்வதற்கு முன்பே, 4 ஹெச்சுக்கு மாற்றுங்கள். லோ ரேஞ்ச் கியரான 4 எல் நிலைக்கு மாற்றுவதாக இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும்.