டெர்மினலை நகர்த்தியதும் கோடுகள் அழிவது ஏன்?

வணக்கம். எக்ஸ்லிப்பில் (எக்ஸ் விண்டோ அமைப்பில் வரைய உதவும் சி நிரலகம்) வரைந்த படத்தின் மேல் டெர்மினலை வைத்து நகர்த்தினால் அது மூடிய இடம் வெள்ளையாகிறது, நண்பரின் கணினியில் அப்படி ஆவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கோடு வரையும் வரிகளில் பிழையில்லை, அவை இருக்கும் இடம்தான் தவறு.

விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வர், நீங்கள் வரைந்ததை நினைவில் வைத்திருக்கும் என்று நம்பக் கூடாது. 1987இல் எக்ஸின் 11ஆம் பதிப்பான எக்ஸ்11 வந்தபோது நினைவகம் விலை அதிகம். ஒவ்வொரு விண்டோவுக்கும் நகல் வைப்பது கட்டுப்படியாகாது. அதனால் மறைந்த பகுதி வெளிப்பட்டதும் பின்னணி நிறத்தைப் பூசிவிட்டு, 'இதை நீயே வரைந்துகொள்' என்று எக்ஸ்போஸ் என்ற நிகழ்வுச் செய்தியைச் சர்வர் உங்கள் நிரலுக்கு அனுப்பும். உங்கள் நிரலோ தொடக்கத்தில் ஒருமுறை வரைந்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

எந்த நிகழ்வுகள் வேண்டும் என்று சர்வரிடம் சொல்லும் நிகழ்வு மாஸ்க்கில் எக்ஸ்போஷரைச் சேருங்கள். வரையும் வரிகளைத் தனி ஃபங்ஷனாக்கி, எக்ஸ்போஸ் வரும்போதெல்லாம் அழையுங்கள். டெர்மினலைக் குறுக்காக நகர்த்தினால் 'ட' போல ஒரு பகுதி திறக்கும். அது இரண்டு செவ்வகங்களாக, இரண்டு நிகழ்வுகளாக வரும். இன்னும் எத்தனை நிகழ்வுகள் பாக்கி என்பதை ஒவ்வொன்றிலும் உள்ள கவுண்ட் சொல்லும். அது 0 ஆகும்வரை பொறுத்து, அப்புறம் மொத்தமாக ஒருமுறை வரைந்தால் போதும்.

நண்பரின் கணினியில் அநேகமாக, விண்டோக்களைச் சேர்த்துத் திரையை அமைக்கும் கம்போசிட்டர் ஓடுகிறது. அது விண்டோவை முழுதாகத் தனி நினைவகத்தில் வைத்திருப்பதால், வேறு விண்டோ மூடி விலகினாலும் எக்ஸ்போஸே வராது. மறைந்த பகுதியைச் சேமித்துவைக்கும்படி சர்வரைக் கேட்கும் பேக்கிங் ஸ்டோரை நம்பாதீர்கள், அது சர்வருக்கு வெறும் பரிந்துரைதான்.