டிராக்டர் லோடருக்கு பேலட் ஃபோர்க்: எதை வாங்குவது, எதைப் பட்டறையில் செய்வது?

கேள்வி: எங்கள் 45 எச்.பி. டிராக்டரில் முன்பக்க லோடர் இருக்கிறது. உரமூட்டைகளையும் தென்னை நாற்றுப் பைகளையும் பேலட்டோடு (அடுக்கி வைக்கும் மரத்தட்டோடு) தூக்க ஃபோர்க் தேவை. 75 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனத்தில் பிளாட் (இரும்புப் பட்டை) வாங்கினால் இரண்டு ஃபோர்க் செய்து பக்கெட் வாயில் கிளாம்ப் போட்டு மாட்டித் தருவதாக ஊர் வெல்டர் சொல்கிறார். தாங்குமா? அந்தப் பேலட்டில் ஆளை ஏற்றி உயரத்தில் உள்ள கிளைகளை வெட்டலாமா?
- பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்

பதில்: தாங்காது. அந்த பிளாட்டைப் படுக்க வைத்து, அடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி எடை வைத்தால், ஒரு ஃபோர்க்கில் 90 கிலோ ஏறியதுமே வளைய ஆரம்பிக்கும். சாதா இரும்பின் தாங்கும் அளவை வைத்துப் போட்ட கணக்கு இது. டிராக்டர் குழியில் இறங்கிக் குலுங்கினால் இன்னும் சீக்கிரம் வளையும்.

பழைய இரும்புக் கடைகளில் ஃபோர்க்லிஃப்ட்டில் இருந்து கழற்றிய ஃபோர்க்குகள் கிடைக்கும். 100 மி.மீ. அகலம், 40 மி.மீ. கனம், ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலான நீளம் உங்களுக்குச் சரியாக இருக்கும். வளைவைத் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அளவைக் கொண்டு மட்டும் பார்த்தாலே இது அந்த பிளாட்டைப் போல ஏறத்தாழ 15 மடங்கு தாங்கும். இரும்பும் பதம் ஏற்றிய உயர்ரகம். ஆகவே ஃபோர்க்கை வாங்குங்கள், அதைத் தாங்கும் சட்டத்தை மட்டும் பட்டறையில் செய்யுங்கள்.

வாங்கும்போது கையில் ஒரு காலிப்பர் இருக்கட்டும். நிமிர்ந்து நிற்கும் பகுதி தரையில் உரசாது, அதனால் அதன் கனம்தான் பழைய அசல் கனம். படுத்திருக்கும் பகுதி மடங்கும் இடத்தில் அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. அதை எடுக்க வேண்டாம். அப்புறம் அந்த மடக்கின் உள்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் ஈரக்கோடு ஒன்று எழும்பும்.

அந்த ஃபோர்க்கில் வெல்டிங் வைக்கவே கூடாது, துளையும் போடக் கூடாது. சூடு பட்ட இடத்தில் பதம் கெட்டு, பின்னாளில் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். பின்புறக் கொக்கிகள் சட்டத்தின் மேல்பட்டை, கீழ்பட்டைகளில் மாட்டி நிற்பதுதான் அதன் அமைப்பு. 2.5 டன் வரையான ஃபோர்க்லிஃப்ட்டுகளில் பரவலாக இருக்கும் இரண்டாம் வகுப்பு மாட்டும் அளவில், மேல்பட்டையின் மேல்விளிம்பு முதல் கீழ்பட்டையின் கீழ்விளிம்பு வரை 407 மி.மீ. வரும். இருந்தாலும் வாங்கிய ஃபோர்க்கை அளந்த பிறகே பட்டையை வெட்டுங்கள்.

சரி, லோடர் எவ்வளவு தூக்கும்? பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். லோடரின் அட்டவணையில் உள்ள எடை பெரும்பாலும் பூமின் (லோடரின் தூக்கும் கை) நுனியில் பக்கெட்டை மாட்டும் பின்னில், அதாவது இரும்பு ஆணியில், அளந்தது. குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு. பின்னில் 800 கிலோ தூக்கும் லோடர் என்றும், பூமின் நீளம் 2 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். சட்டமும் ஃபோர்க்கும் சேர்ந்து 130 கிலோ. சரக்கின் நடுப்பகுதி பின்னிலிருந்து முக்கால் மீட்டர் முன்னால் நிற்கும். கணக்குப் போட்டால் மிஞ்சுவது சுமார் 480 கிலோ. உங்கள் வெல்டர் சொன்னபடி பக்கெட்டைக் கழற்றாமல் அதன் வாயில் மாட்டினால், பக்கெட்டின் எடையும் ஆழமும் சேர்ந்து அது 330 கிலோ பக்கத்தில் வந்து நிற்கும். பக்கெட் வாயும் வளையும். அதனால் பக்கெட்டைக் கழற்றிவிட்டு மாட்டும் தனிச் சட்டம்தான் வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையில் எட்டு, பேலட்டோடு 385 கிலோ. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு 100 மி.மீ. சேனல் இரும்பும், பின் மாட்டும் காதுகளுக்கு 16 மி.மீ. தகடும் போதும். பூம் பின்னுக்கும் டில்ட் சிலிண்டர் (பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டர்) பின்னுக்கும் இடையிலான தூரத்தைப் பக்கெட்டில் உள்ளபடியே பிளைவுட்டில் அச்செடுத்து வெட்டுங்கள். அது மாறினால் ஃபோர்க் மடங்கும் கோணமே மாறிவிடும். காதுகளைத் தரையில் வைத்து முழுசாக வெல்டு செய்துவிட வேண்டாம். பூம் கைகள் இரண்டும் அச்சு அசலாக இணையாக இருப்பது அபூர்வம். பின்னை லோடரிலேயே மாட்டி, அந்த நிலையில் டாக் (பொட்டுப் பொட்டாகத் தற்காலிக வெல்டு) வைத்து, கழற்றிக் கீழே இறக்கிய பிறகு முழு வெல்டிங் போடுங்கள். டாக் வைக்கும் முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டு வைக்கும் இடத்தை ஒட்டியே இருக்கட்டும். பளபளக்கும் சிலிண்டர் ராடுகளை ஈரச் சாக்கால் சுற்றிவிடுங்கள். ஒரு பொறி ஒட்டினாலும் சீல் கிழிந்து ஆயில் ஒழுகும். வெல்டிங்குக்கு 7018 வகை வெல்டிங் ராடு நல்லது, ஆனால் ஈரம் பட்ட ராடாக இருக்கக் கூடாது.

பின்புறத் தடுப்புக் கம்பிச் சட்டத்தைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். உயரத் தூக்கிய நிலையில் ஃபோர்க் பின்னால் சாய்ந்தால் மூட்டை பூம் வழியாக உருண்டு ஓட்டுநர் மேல் விழும்.

ஃபோர்க் மாட்டிய டிராக்டரின் பின்பக்கம் வெறுமனே இருக்கக் கூடாது. ரோட்டவேட்டரைக் கழற்றாமல் வைத்திருங்கள். இல்லையென்றால் 200 லிட்டர் டிரம்மில் பாதிக்குக் கான்கிரீட் போட்டால் 240 கிலோ வரும், அதை டிராக்டரின் பின்பக்க லிஃப்ட்டில் மாட்டிக்கொள்ளலாம். நம் டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிடிக்கும். முன்னால் சுமை ஏறிப் பின்சக்கரம் லேசானால் திருப்பத்தில் கவிழ்வது மட்டுமல்ல, சரிவில் வண்டி நிற்கவும் நிற்காது. சரக்கோடு போகும்போது ஃபோர்க் முழங்காலுக்குக் கீழேயே இருக்கட்டும்.

ஆளை ஏற்றலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில், கூடாது. டிராக்டர் லோடர் சிலிண்டர்கள் பெரும்பாலானவற்றில், ஹோஸ் வெடித்தால் பூமை அப்படியே பிடித்து நிறுத்தும் வால்வு கிடையாது. ஆயில் வெளியேறிய வேகத்தில் பேலட் கீழே வரும். லீவரில் தவறுதலாகக் கை பட்டாலும் ஃபோர்க் கவிழும். கிளை வெட்ட ஏணியும் இடுப்பு பெல்ட்டும் வாங்குங்கள், அல்லது நீளக் கைப்பிடி உள்ள ரம்பத்தைத் தரையில் நின்றே பயன்படுத்துங்கள்.