ஒரு வாயு 'ஒழுங்குமுறைக்கு உட்பட்ட மாசு' ஆவது எப்போது?

கேள்வி: அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் ஒரு மாசுப் பொருள் 'ஒழுங்குமுறைக்கு உட்பட்டது' என்றால் சட்டப்படி என்ன பொருள்? தடை செய்யப்பட்டது என்று அர்த்தமா?

தடை என்று அர்த்தமில்லை. ஆபத்தானது என்றுகூட அர்த்தமில்லை. அந்தப் பொருளை இவ்வளவுக்கு மேல் வெளியே விடக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் கீழ் யாருக்காவது கட்டளை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் இந்த ஒரு வரிக்கு வந்து சேர அமெரிக்காவில் பல வருடம் சண்டை நடந்தது. நான் அங்கே ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் காற்று அனுமதி விண்ணப்பம் தயாரிக்கும் வேலையில் இருப்பதால் அந்தச் சண்டையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நிலக்கரி மின் நிலையத்தின் புகைபோக்கி அடியில் ஒரு சிறிய அறை இருக்கும். மேலே இருந்து ஒரு சூடாக்கப்பட்ட குழாய் வழியே புகையின் மாதிரி அந்த அறைக்குள் இறங்கும். உள்ளே அளவுக் கருவிகள், சுவரோரம் வாயு சிலிண்டர்கள். தினமும் சிலிண்டர் வாயுவை விட்டுக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகளோடு கரியமில வாயுவின் கணக்கும் மணிக்கு மணி பதிவாகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இபிஏ என்கிற சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குப் போகும். 1990ல் சட்டத்தைத் திருத்தியபோது 821ஆம் பிரிவில் சொன்ன ஏற்பாடு இது. முதல் இரண்டுக்கும் அனுமதிப் பத்திரத்தில் உச்சவரம்பு உண்டு. கரியமில வாயுவுக்கு அந்தக் காலத்தில் வரம்பே கிடையாது. எவ்வளவு வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும், குறை என்று சொல்ல ஒரு வரி சட்டம் இல்லை. அந்த அறிக்கைகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

சரி, இது ஏன் வழக்கானது? புதிதாக ஒரு பெரிய ஆலை கட்ட வேண்டுமென்றால், அந்தச் சட்டத்தின் 165ஆம் பிரிவுப்படி, 'இச்சட்டத்தின் கீழ் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஒவ்வொரு மாசுப் பொருளுக்கும்' கிடைப்பதிலேயே சிறந்த தடுப்புத் தொழில்நுட்பத்தை வைக்க வேண்டும். 2007 ஏப்ரலில், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட மாநிலங்கள் தொடுத்த வழக்கில், கரியமில வாயுவும் சட்டம் சொல்லும் 'காற்று மாசு'தான் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. காற்று மாசு என்பது ஒன்று, ஒழுங்குமுறைக்கு உட்பட்ட காற்று மாசு என்பது வேறொன்று. பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் யூட்டா மாநிலத்தின் பொனான்சா மின் நிலையத்தில் 110 மெகாவாட் அளவில் கழிவு நிலக்கரி எரிக்கும் புதிய அலகுக்கு இபிஏ அனுமதி கொடுத்தது. கரியமில வாயுவுக்கு எந்த வரம்பும் அதில் இல்லை. சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. அவர்கள் வாதம் எளிமையானது: அளந்து சொல் என்று விதி போட்டிருக்கிறீர்களே, அதுவே ஒழுங்குமுறைதானே? 2008 நவம்பர் 13 அன்று இபிஏவின் மேல்முறையீட்டு வாரியம், சட்டத்தின் வாசகம் இரண்டு பக்கமும் முடிவாக எதையும் சொல்லவில்லை, காரணத்தோடு மறுபடி யோசியுங்கள் என்று அனுமதியைத் திருப்பி அனுப்பியது. அடுத்த மாதமே அப்போதைய இபிஏ தலைவர் ஸ்டீபன் ஜான்சன் ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டார். வெளியேறும் அளவை உண்மையாகவே கட்டுப்படுத்தும் விதி இருந்தால்தான் 'ஒழுங்குமுறைக்கு உட்பட்டது', வெறுமனே அளக்கச் சொல்வது போதாது என்றார்.

தமிழில் எழுதும்போது இந்த இடத்தில் கவனம் வேண்டும். நம் செய்தித்தாள்கள் இதைப் பெரும்பாலும் 'கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட' என்று எழுதிவிடுகின்றன. அப்படி எழுதினால் ஜான்சன் பக்கம் தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் சண்டையே 'ஒழுங்கு' என்பதில் 'கட்டுப்பாடு' இருந்தே ஆக வேண்டுமா என்பதில்தான். வீட்டில் மின் மீட்டர் மாட்டியிருப்பதால் மின்சாரத்துக்கு அளவு வைத்துவிட்டார்கள் என்று ஆகுமா? ஆகாது என்பது ஒரு பதில். மீட்டர் மாட்டும் உரிமையே ஒழுங்குமுறைதான் என்பது இன்னொரு பதில்.

எனக்குக் கரியமில வாயுவுக்கு வரம்பு வர வேண்டும் என்ற ஆசை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனாலும் சட்ட வாசிப்பாகப் பார்த்தால் ஜான்சன் சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு. அளக்கச் சொன்னாலே அனுமதிச் சட்டம் முழுக்க வந்து ஒட்டிக்கொள்ளும் என்றால், எதையும் அளக்கச் சொல்லவே அதிகாரிகள் தயங்குவார்கள். அளவு தெரியாமல் எதைக் கட்டுப்படுத்துவது?

அப்புறம் ஆட்சி மாறியது. புதிய தலைவர் லிசா ஜாக்சன் அந்தக் குறிப்பை மறுபரிசீலனைக்கு எடுத்தார். 2010 ஏப்ரலில் வந்த முடிவு ஜான்சனின் அடிப்படையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது: கட்டுப்படுத்தும் விதி எழுதப்பட்ட நாளில் இல்லை, அது நடைமுறைக்கு வரும் நாளில்தான் அந்தப் பொருள் ஒழுங்குமுறைக்குள் வருகிறது. கரியமில வாயு போன்ற, பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களுக்கு அந்த நாள் 2011 ஜனவரி 2. புதிய உமிழ்வு வரம்புக்கு உட்பட்ட 2012 மாடல் கார்கள் விற்பனைக்கு வரக்கூடிய முதல் நாள் அது. காருக்குப் போட்ட விதி மின் நிலையத்தின் அனுமதியைத் தொட்டது இப்படித்தான்.

ஆனால் சட்டத்தில் பெரிய ஆலைக்கான அளவு வருடத்துக்கு 100 அல்லது 250 டன். கரியமில வாயுவில் அது மிகச் சின்ன அளவு. அப்படியே விட்டால் கட்டுமான அனுமதி விண்ணப்பம் வருடத்துக்குச் சுமார் 800இலிருந்து 82,000 வரை போகும் என்று இபிஏவே கணக்கிட்டது. அதனால் அளவை 75,000, 1,00,000 டன் என்று உயர்த்தியது. சட்டத்தில் எழுதிய எண்ணை நீங்களாக மாற்ற முடியாது என்று 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேறு மாசுகளுக்காக எப்படியும் அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளிடம் மட்டும் கரியமில வாயுவுக்கும் தொழில்நுட்பம் கேட்கலாம் என்று விட்டது.

இன்னொன்று, 'உட்பட்டது' என்பது சட்டம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கட்டுமான அனுமதியில் கணக்கில் வரும், நச்சு வாயுப் பட்டியலில் இல்லை. 1990 பட்டியலில் தவறுதலாக ஏறியதென்று 1991ல் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே யாராவது உங்களிடம் ஒரு வாயு ஒழுங்குமுறைக்கு உட்பட்டது என்று சொன்னால், எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தேதியிலிருந்து, அளக்க மட்டுமா குறைக்கவுமா என்று கேளுங்கள். கரியமில வாயு விஷயத்தில் தேதியைக் கட்டாயம் கேளுங்கள். கார் வரம்புகளுக்கு அடிப்படையாக இருந்தது, இந்த வாயுக்கள் மக்கள் நலனுக்கு ஆபத்து என்று இபிஏ 2009 டிசம்பரில் எடுத்த முடிவு. அதையே திரும்பப் பெறும் முன்மொழிவை 2025 ஜூலையில் அதே இபிஏ கொண்டுவந்தது, 2026 பிப்ரவரியில் இறுதியாகத் திரும்பப் பெற்றுவிட்டது.