கார்பைன், சப்மெஷின் கன், பிடிடபிள்யூ (பர்சனல் டிஃபென்ஸ் வெப்பன், தற்காப்புத் துப்பாக்கி) எல்லாமே குட்டித் துப்பாக்கிகள்தானே? எதை வைத்து வகை பிரிக்கிறார்கள்?

முதலில் நீளத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன தோட்டா (குண்டும் மருந்தும் உறையும் சேர்ந்தது) போகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் நீலகிரி அருவங்காட்டுக்காரன். அப்பா கார்டைட் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். அங்கே துப்பாக்கி செய்வதில்லை, குண்டை உந்தித் தள்ளும் மருந்துதான். சித்தப்பா வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார். தோளில் மாட்டிய ஸ்டெர்லிங் துப்பாக்கியை அவர் ‘கார்பைன்’ என்றுதான் சொல்வார். ராணுவத்திலும் அதற்கு 9 மி.மீ. கார்பைன் என்றே பெயர். ஆனால் வகைப்படி அது சப்மெஷின் கன்!

கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போட்டு, விசையை அழுத்திப் பிடித்தால் சடசடவென்று சுடுவது சப்மெஷின் கன். 1918-இல் ஜெர்மானியர்கள் எம்பி18-ஐக் களத்தில் இறக்கியதிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் 9x19 மி.மீ. தோட்டாதான் (முதல் எண் குண்டின் தடிமன், அடுத்தது தோட்டா உறையின் நீளம்). குண்டு ஏறக்குறைய 8 கிராம், வேகம் நொடிக்கு 350–400 மீட்டர். கிட்டத்துச் சண்டைக்குத்தான் ஆகும்.

கார்பைன் என்பது ரைபிளின் தம்பி. தோட்டா அதேதான், குழல் மட்டும் குட்டை. எம்16 ரைபிளின் குழல் 508 மி.மீ., எம்4 கார்பைனுக்கு 368. இரண்டுக்கும் 5.56x45 தோட்டா. குண்டு 4 கிராம்தான், ஆனால் நொடிக்கு 900 மீட்டர் அளவில் பாயும்.

சரி, இன்னும் வெட்டிக்கொண்டே போகலாமே என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன்.

“கைத்துப்பாக்கி மருந்து கற்பூர மரத்துச் சருகு மாதிரிடா, குப்புன்னு எரிஞ்சிடும். ரைபிள் மருந்து சீகை விறகு. நின்னு எரியும். அதுக்குக் குழல் நீளம் வேணும்” என்றார்.

குழல் குட்டையானால் மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்சம் குழல் வாயில் தீப்பிழம்பாக வீணாகும், சத்தம் காதைப் பிளக்கும், குண்டின் வேகமும் குறையும். ரஷ்யாவின் ஏகேஎஸ்-74யு இதற்கு நல்ல உதாரணம். குழல் 20 செ.மீ.க்குச் சற்றே அதிகம், தோட்டாவோ 5.45x39 ரைபிள் தோட்டா. உருவத்தைப் பார்த்து அதைச் சப்மெஷின் கன் என்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது கார்பைன்தான்.

பிடிடபிள்யூ வந்த கதை வேறு. டேங்க் ஓட்டுநர், பீரங்கிக்காரர் போன்றவர்களுக்கு முழு ரைபிள் இடைஞ்சல். எதிரி கவச உடை போட்டிருந்தால் 9 மி.மீ. குண்டு துளைக்காது. அதனால் தோட்டாவையே புதிதாகச் செய்தார்கள்: பெல்ஜியத்தின் பி90-க்கு 5.7x28, ஜெர்மனியின் எம்பி7-க்கு 4.6x30. மெல்லிய குண்டு, அதிக வேகம். பி90 வெறும் அரை மீட்டர் நீளம், மேகசினில் 50 தோட்டா. நம் ஊர் ஜேவிபிசி (ஜாயின்ட் வென்ச்சர் புரொடெக்டிவ் கார்பைன்) 5.56x30 தோட்டாவில் சுடுகிறது. அதுவும் பெயரில் கார்பைன், குணத்தில் பிடிடபிள்யூ.

தொடர்ந்து சுடும் கைத்துப்பாக்கி, அதாவது மெஷின் பிஸ்டல், தனி ரகம். அதைக் கட்டுக்குள் வைத்துச் சுடுவதே பெரும்பாடு.

இத்தனை மி.மீ.க்குக் கீழே என்றால் இந்த வகை என்று எல்லா ராணுவங்களும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. பின்கட்டையை மடக்கினாலே ஸ்டெர்லிங் 69 செ.மீ.யிலிருந்து 48-க்கு வந்துவிடும், பிறகு எந்த நீளத்தை எடுப்பது?

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கிப் பார்த்துவிட்டேன். “ரிஜிஸ்டர்ல கார்பைன்னுதான்டா எழுதிக் கையெழுத்து வாங்குனாங்க” என்கிறார்.