பட்டிக்குக் கங்கால் நாய் வாங்கலாமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் நாலு ஏக்கர் கொறங்காட்டில் (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) முப்பது மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். இரவில் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து இரண்டு முறை ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன. துருக்கி நாட்டுக் கங்கால் நாய் ஓநாயையே விரட்டும் என்கிறார்கள். ஒரு குட்டி வாங்கிப் பட்டியில் விடலாமா?

பதில்: ஓநாயை விரட்டும் என்பது உண்மைதான். துருக்கியின் சிவாஸ் பகுதியில் செம்மறி மந்தையோடேயே பிறந்து வளரும் இனம் அது. வெளிர்மஞ்சள் உடம்பு, கறுத்த முகம், கடுவன் 50, 60 கிலோ வரை வரும். ஓநாய் கழுத்தைக் கவ்வாமலிருக்க அங்கே முள் வைத்த இரும்புப் பட்டை போடுகிறார்கள். ஆடு ஓட்டும் வேலை அதற்கில்லை. மந்தைக்குள் படுத்திருக்கும், அந்நியமாக எது வந்தாலும் எழுந்து குறுக்கே நின்று குரைக்கும், விலகாவிட்டால்தான் பாயும். யாரும் ஏவ வேண்டாம், தானே முடிவெடுக்கும்.

உங்களுக்குச் சிக்கலும் அங்கேதான். நாலு ஏக்கர் கொறங்காட்டைத் தாண்டிச் சுற்றப் பார்க்கும். பக்கத்துத் தோட்டத்து ஆள் வந்தாலும் அதற்கு அந்நியன்தான். சங்கிலியில் கட்டினால் காவல் போச்சு. போதாததற்கு, 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு தடை செய்யச் சொன்ன 23 இனங்களில் கங்காலும் உண்டு. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்றாலும், கால்நடைத் துறை அலுவலகத்தில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வெயிலைக் காரணம் சொல்லி நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நமீபியாவின் வறண்ட காட்டில், சிவிங்கிப்புலியிடமிருந்து (சீட்டா) ஆடுகளைக் காக்க 1994 முதல் இந்த வகை நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். பக்கத்து போட்ஸ்வானாவிலோ ஊர் நாய்க்குட்டிகளையே ஆட்டோடு வளர்த்து அதே வேலையை வாங்குகிறார்கள். என் யோசனையும் அதுதான்: நல்ல எலும்புக்கட்டுள்ள நாட்டு நாய்க்குட்டி இரண்டு. கூட்டமாக வரும் நாய்களை ஒற்றை நாய் தாங்காது. சிப்பிப்பாறை, கன்னி வேண்டாம். ஓடுவதைத் துரத்தும் வேட்டை ரத்தம் அவற்றுக்கு.

ஏழெட்டு வாரக் குட்டியாகப் பிடியுங்கள். பட்டி மூலையில் குட்டி மட்டும் நுழையும்படி பலகைத் தடுப்பு வையுங்கள். ஆடு முட்டினால் ஒளிய இடம் வேண்டும். நான்கு மாதம் வரை ஆட்டு வாசனையோடுதான் தூங்க வேண்டும். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு கொஞ்ச விட்டால் வீட்டு நாயாகிவிடும். ஆனால் நீங்கள் தொட்டால் நிற்க, கயிற்றில் வரப் பழக்குங்கள், இல்லாவிட்டால் ஊசி போட முடியாது. ஆறு மாதத்துக்குமேல் விளையாட்டாக ஆட்டின் காதைக் கடிக்கும், துரத்தும். அந்த நொடியிலேயே அதட்டுங்கள். அடங்காவிட்டால் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுங்கள், ஓட்டம் குறையும். ஒன்றரை, இரண்டு வயதுவரை ஆடு ஈனும் நாட்களில் தனியே விடாதீர்கள். கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவது குறையும்.

தீவனத்துக்குக் கவலை வேண்டாம். துருக்கியிலேயே பார்லி மாவுக் கூழ்தான் வழக்கம். இங்கே கம்பங்களி, மோர், முட்டை போதும். ஆனால் அறுத்த ஆட்டின் தலை, குடல், ஈரலைப் பச்சையாக மட்டும் போடாதீர்கள். அதிலிருந்து நாடாப்புழு நாய்க்கு வரும், நாயின் மலத்திலிருந்து புழு முட்டை மேய்ச்சலில் ஆட்டுக்குப் போகும். ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளர்ந்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சாகும். மனிதனுக்கும் ஈரலில் கட்டி வரும். மூன்று மாதத்துக்கொருமுறை நாடாப்புழுவுக்கும் கேட்கும் மாத்திரை கொடுங்கள். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம், பிறகு ஆண்டுதோறும்.

குட்டி தேறும்வரை என்ன செய்வது? கிளுவை முள்வேலியின் அடிச்சந்து வழியாகத்தான் தெருநாய் நுழைகிறது. இரவில் ஆடுகளைக் காட்டில் விடாமல், ஐந்தடி கம்பிவலைப் பட்டியில் அடையுங்கள். வலையின் அடி ஒரு அடி மண்ணுக்குள் இறங்கட்டும்.

கடிபட்டுப் பிழைத்த ஆடு இருந்தால் இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். காயத்தைக் கால்மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்குங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். செத்த ஆட்டைப் புதைக்கும் முன் மருத்துவரிடம் பரிசோதனைச் சான்று வாங்கி வையுங்கள், நிவாரணம் கேட்க அதுதான் ஆதாரம்.