அத்தை வீட்டில்தானே இருக்கிறார்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரண்டு வருடமாக நாய்க்குட்டி கேட்டு நச்சரிக்கிறான். வீட்டிலேயே நாய் வளர்த்துக் குட்டி விற்கிற ஒருவரிடம் பொமரேனியன், ஷிட்சு கலப்பில் நாலு குட்டிகள் இருக்கின்றன. 40 நாள் ஆகிறதாம். பால் மறந்துவிட்டது, உடனே எடுத்துப் போகலாம் என்கிறார். கலப்பு என்பதால் நோய்நொடி வராதாம். முன்பணமும் கொடுத்துவிட்டேன். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவோம். ஆனால் அத்தை நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். 71 வயது, முட்டிவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. ஆண் குட்டி நல்லதா, பெண் குட்டி நல்லதா? எதையெல்லாம் பார்த்து வாங்கவேண்டும்?
ஒரு வாசகி

பதில்: ஆணா பெண்ணா என்பது கடைசிக் கவலை. கடிதம் முழுக்கக் குட்டியைப் பற்றி எழுதிவிட்டு, அதை வளர்க்கப்போகிறவரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அதிலும் ஒரு ‘தவிர’.

அத்தையிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். ‘வீட்டில் இருக்கிறார்’ என்பதற்கு ‘சும்மா இருக்கிறார்’ என்று நீங்களே பொருள் வைத்துக்கொண்டீர்கள்.

எட்டரையிலிருந்து ஏழு வரை பத்தரை மணி நேரம். இரண்டு மாதக் குட்டி விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்குமேல் சிறுநீரை அடக்காது. தூங்கி எழுந்ததும் ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை, விளையாடி முடித்ததும் ஒருமுறை. நீங்கள் வெளியே இருக்கிற நேரத்தில் மட்டும் குறைந்தது ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவையும் குனிந்து தூக்கி, அதற்கான இடத்தில் விட்டு, போகும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும். போனதும் அந்த நொடியே பாராட்டினால்தான் அது கற்றுக்கொள்ளும். தவறி நடுவீட்டில் போய்விட்டால் உட்கார்ந்து துடைக்கவேண்டும். நீங்கள் ‘தவிர’ என்று ஒதுக்கிவைத்தீர்களே, அந்த முட்டியை மடக்கித்தான் உட்காரவேண்டும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு நாலு வேளை. இரண்டு வேளை உங்கள் அலுவலக நேரத்தில் வரும். சின்ன இனக் குட்டிகளுக்கு ஒரு வேளை தவறினால்கூட ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். துவண்டுபோகும், தள்ளாடும், எச்சில் ஒழுகும், வலிப்பும் வரலாம். உடனே தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவி, குட்டியைக் கதகதப்பாகச் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் ஓடவேண்டும். நினைவில்லாத குட்டியின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்? தனியாக இருக்கிற 71 வயதுப் பெண்மணியா?

இன்னொன்று. ஒரு கிலோகூட இல்லாத குட்டி சத்தமே இல்லாமல் காலடியில் சுற்றும். அந்த வயதில் இடறி விழுந்தால் இடுப்பெலும்பு உடையலாம். பாற்பற்கள் ஊசி மாதிரி. மெலிந்த தோலில் பட்டால் கிழித்துவிடும். குட்டிதானே என்று கீறலை விட்டுவிடவும் முடியாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போகத்தான் வேண்டும்.

பிள்ளையின் ஆசையை நிறைவேற்றுவது பெற்றவர்கள் வேலை என்றால், அதற்குப் பின்னால் வரும் சுமையும் பெற்றவர்களுடையதுதான். அதைக் கேட்காமலே ஒரு வயதானவர் தலையில் கட்டுவதற்குக் குடும்பம் என்று பெயர் வைக்காதீர்கள். மகன் வீட்டில் இருக்கிற தாய் ‘வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். ‘பையன் ஆசைப்படுறானே’ என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது உங்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

கேட்கவேண்டியவரும் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவருடைய அம்மா. பேரன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்கட்டும். கேட்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து, எந்த வேலை யாருடையது என்று எழுதுங்கள். அதில் அத்தையின் பெயர் ஓரிடத்திலும் வரக்கூடாது. முதல் இரண்டு வாரம் ஒருவர் மாற்றி ஒருவர் விடுப்பு. பிறகு குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை பகலில் இரண்டு முறையாவது வந்துபோக, சம்பளத்துக்கு ஓர் ஆள். இரவில் எழுந்து வெளியே விடுவது கணவர். குட்டிக்குத் தடுப்பு வைத்த தனி இடம், கழுத்தில் சின்ன மணி. இவ்வளவும் எழுதிக் காட்டிய பிறகு அவர் சந்தோஷமாகத் தலையாட்டினால்தான் மேலே படியுங்கள்.

இனி அந்த விற்பனையாளர். 40 நாள் என்பது ஆறு வாரம்கூட இல்லை. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. இந்த அளவுக் குட்டிகளைப் பத்து வாரம் விட்டுவைத்தால் இன்னும் நல்லது. பால் மறப்பதல்ல கணக்கு. அழுத்திக் கடித்தால் கூடப்பிறந்தது கத்திக்கொண்டு விலகும், தாய் அதட்டும். எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்று குட்டி படிப்பது அங்கேதான். அந்தப் பாடம் படிக்காமல் வருகிற குட்டி உங்கள் மகன் கையில் அதைப் பழகும்.

கலப்புக்கு நோய் வராது என்பது பாதி உண்மைகூட இல்லை. ஒரு இனத்தில் மட்டும் இருக்கிற பரம்பரைக் கோளாறு கலப்பில் குறையலாம். இரண்டு பக்கமும் இருப்பது எங்கே போகும்? முழங்கால் சில்லு விலகுவது சின்ன இனங்கள் பலவற்றுக்கும் பொதுவான வியாதி. நாய் நடந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு நொண்டும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். தாயையும் தகப்பனையும் நடக்கவிட்டுப் பாருங்கள். மருத்துவர் அவற்றின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து எழுதிய குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பொமரேனியன் வம்சத்தில் மூச்சுக்குழாய் தளர்வதும் உண்டு. அதனால் கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுக்காமல், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் வாங்குங்கள்.

தாயைக் குட்டிகளோடு சேர்த்து அந்த வீட்டிலேயே பார்க்கவேண்டும். முலைக்காம்புகள் தொங்கி, மடி பெருத்திருந்தால்தான் அது பால் கொடுத்த தாய். ‘வேறு வீட்டில் இருக்கிறது’, ‘குட்டியை நானே கொண்டுவந்து தருகிறேன்’ என்றால் முன்பணம் போனால் போகட்டும், வந்துவிடுங்கள். தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது என்று கேளுங்கள். பருவத்துக்கு வரும்போதெல்லாம் ஈனவைக்கிறவர் குட்டிகளை மட்டும் நன்றாகக் கவனிப்பார் என்று நம்பாதீர்கள்.

குட்டியை மடியில் மல்லாக்கப் போடுங்கள். தொப்புளில் மெத்தென்ற வீக்கம் இருந்தால் குடலிறக்கம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் புழு. உச்சந்தலையை மெதுவாகத் தடவுங்கள், எலும்பு கூடாமல் பள்ளம் தட்டுப்படுகிறதா? ஈறு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும், வாலுக்கடியில் அழுக்கு இருக்கக்கூடாது. ஆண் என்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பெண் என்றால் கருத்தடைச் செலவு கொஞ்சம் கூடும். உங்கள் ஆண், பெண் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

‘ஊசி போட்டாச்சு’ என்ற வாய்ச்சொல் செல்லாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் புத்தகத்தில் இருக்கவேண்டும். குடற்புழு மருந்து இரண்டாவது வாரம் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடரவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி தடுப்பூசியை வேலைசெய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஒரு ஊசியோடு நிறுத்த முடியாது.

பார்வோ கிருமி உடம்பில் ஏறி மூன்றிலிருந்து ஏழு நாளில் வாந்தியும் ரத்தபேதியும் தொடங்கும். வாங்கிய வாரத்திலேயே குட்டி சாவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே முதல் இரண்டு நாளுக்குள் உங்கள் மருத்துவர் பார்க்கவேண்டும். 14 நாளுக்குள் நோய் வந்தால் யார் செலவு என்பதை விற்பவரிடம் முன்னதாகவே எழுதி வாங்குங்கள். போன வருடத்தில் அந்த வீட்டில் பார்வோ வந்ததா என்றும் கேளுங்கள். மாதக்கணக்கில் தரையில் உயிரோடு கிடக்கும் கிருமி அது, வாசனைத் திரவத்தால் துடைத்தால் சாகாது.

இன்னொரு வழியும் உண்டு. இப்படிக் குட்டி விற்பவர்கள் ஈனவைப்பதை நிறுத்திய தாய் நாய்களை வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. ஐந்து வயதுத் தாய் நாய் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பால் வற்றியதும் கருத்தடை செய்து, பரிசோதித்து வாங்கலாம். இரண்டு வேளை சாப்பாடு போதும். சிறுநீரைச் சில மணி நேரம் அடக்கும். பெரும்பாலும் மனிதர்கள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். பையனோடும் ஓடி விளையாடும். அதையும் அத்தையிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை குட்டி அங்கேயே இருக்கட்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ‘வைத்திருக்க முடியாது, இப்போதே எடுங்கள்’ என்று அவர் அவசரப்படுத்தினால் வேறு இடம் பாருங்கள்.