வேலைக்கு நடுவே இல்லறம்: மொரீஷியஸ் வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எபேனில் ஒரு கால் சென்டரில் பிரான்சு வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கிறேன். என் கணவருக்கு மேற்குக் கடற்கரையில் ஓட்டல் வேலை, விடியற்காலை ஐந்துக்கே கிளம்பிவிடுவார். நான் இரவு பத்துக்கு வீடு சேரும்போது தூங்கியிருப்பார். வாரத்தில் ஐந்து நாள் முகம் பார்த்துப் பேச முடிவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: உங்கள் வேலை பிரான்சின் கடிகாரப்படி ஓடுகிறது. அதிலிருந்தே தொடங்கலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை மொரீஷியஸ் பிரான்சைவிட 3 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மற்ற மாதங்களில் 2 மணி நேரம்தான். அங்கே காலை 9 முதல் மாலை 6 வரை என்றால் இங்கே அது சில மாதங்கள் பகல் 12 முதல் இரவு 9 வரை, மற்ற மாதங்கள் 11 முதல் 8 வரை. ஆக, ஏப்ரல் பிறந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வருகிறீர்கள். பல வீடுகளில் அந்த நேரம் துணி மடிப்பதிலும் தொலைக்காட்சியிலும் கரைந்துவிடுகிறது. மார்ச் கடைசி வாரத்திலேயே இருவரும் உட்கார்ந்து, அந்த ஒரு மணியில் அரை மணி நம் இருவருக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அக்டோபரில் அது பறிபோகும்போது அதற்குப் பதிலாக வேறு எந்த நேரம் என்பதையும் அன்றே பேசுங்கள். பேசாமல் விட்டால் நவம்பரில் காரணம் புரியாமலே எரிச்சல் வரும்.

நேரில் பார்க்க முடியாத நாட்களில், ஒருவர் செய்துவைத்ததை மற்றவர் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நன்றாக வேலை செய்கிறது. அவர் காலையில் தனக்குத் தேநீர் போடும்போதே உங்களுக்கும் போட்டு பிளாஸ்க்கில் வைக்கலாம். இதில் பலரும் தவறுவது ஒரு சின்ன இடத்தில்: பால் கலந்து வைத்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் சூட்டில் நின்ற பால் தேநீர் வாடை அடிக்கும். நீங்கள் கொட்டிவிடுவீர்கள், அது அவர் கண்ணில் படும், அடுத்த வாரம் போடமாட்டார். முதலில் பிளாஸ்க்கைக் கொதிநீரால் அலசிக் கொட்ட வேண்டும். வனிலாத் தேநீரை இலை இல்லாமல் வடித்து ஊற்ற வேண்டும். இலை உள்ளே கிடந்தால் கசந்துபோகும். கோப்பையில் பால்மாவும் சர்க்கரையும் போட்டு மூடிவைத்தால் போதும். நீங்கள் ஏழு மணிக்கு எழுந்து ஊற்றிக் கலக்கிக் குடிக்கலாம். அவருக்கு இதில் கூடுதலாக ஆகும் நேரம் மூன்று நிமிடம்.

உங்கள் பங்குக்கு, இரவு வந்ததும் அவருடைய சீருடை, பஸ் அட்டை, சாப்பாட்டு டப்பா மூன்றையும் ஒரே இடத்தில் எடுத்துவையுங்கள். இருட்டில் ஐந்து மணிக்குக் கிளம்புகிறவருக்குத் தேடாமல் கிளம்புவதைவிடப் பெரிய உதவி இல்லை.

தூங்குகிறவரை எழுப்பிப் பேச வேண்டாம். அவர் உங்களுக்காக விழித்திருக்கவும் வேண்டாம். நாலரைக்கு எழ வேண்டிய மனிதர் பதினொன்று வரை காத்திருந்தால் மூன்றாம் நாள் அன்பு போய் அலுப்புதான் மிஞ்சும். உங்கள் மதிய இடைவேளையில் ஒரு நிமிடத்துக்குக் குறைவான குரல் செய்தி அனுப்புங்கள். அன்று நடந்த ஒரே ஒரு விஷயம் அதில் இருந்தால் போதும். கேஸ் சிலிண்டர், தண்ணீர் பில், பள்ளிக் கட்டணம் எதையும் அதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டுங்கள். செய்தி வந்தாலே வேலை வந்தது என்று ஆகிவிட்டால், உங்கள் பெயரைத் திரையில் பார்த்ததும் அவர் மனம் சுருங்கும்.

ஓட்டல்காரர்களுக்கு ஞாயிறு பெரும்பாலும் வேலை நாள். ஆகவே ஞாயிற்றை நம்பாதீர்கள். ரோஸ்டர் (வேலை நேரப் பட்டியல்) ஒட்டிய அன்றே அவர் அதைப் படம் எடுத்து அனுப்பட்டும். இருவருக்கும் பொதுவான ஒரு மூன்று மணி நேரத்தை அன்றே குறித்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை காலையாக இருந்தாலும் சரி, சந்தைக்குச் சேர்ந்து போய் வழியில் தால் பூரி சாப்பிட்டு வருவது போதும்.

கேள்வி: பாத்திரம் கழுவுகிறேன், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறேன். மனைவி கண்டுகொள்வதே இல்லை. “நீங்க என்ன செய்றீங்க?” என்றே கேட்கிறாள். செய்வதும் வீண்தானா?
– வாசகர், கியூர்பிப்

பதில்: 1979இல் மைக்கேல் ராஸ், பியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 37 தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமைக்கு மேல் போனது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது முழுவதும் நம் நினைவில் இருக்கிறது, மற்றவர் செய்ததில் நாம் பார்த்தது மட்டுமே இருக்கிறது. உங்கள் மனைவியும் இதே நேரத்தில் இதே கேள்வியை மனதில் வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத வேலைதான் இங்கே பெரிய பகுதி. தடுப்பூசி எந்தத் தேதி, சீருடை சின்னதாகிவிட்டதா, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும், அரிசி எப்போது தீரும் என்று நினைவில் வைத்திருப்பதும் வேலைதான். பிள்ளைகளைக் கூட்டி வருவது உங்கள் பொறுப்பு என்றால், பள்ளி சீக்கிரம் விடும் நாளைத் தெரிந்துவைப்பதும் உங்கள் பொறுப்பாகட்டும். அவர் நினைவூட்டி நீங்கள் செய்தால் பாதிப் பாரம் அவர் தலையில்தான் இருக்கிறது.

வேலையை முடிக்கும் இடமும் முக்கியம். பாத்திரம் கழுவுவது என்றால் அடிப்பிடித்த சட்டியை ஊறப்போட்டுவிட்டுப் போவதல்ல. சட்டி, அடுப்பு மேடை, தொட்டி வடிகட்டியில் தங்கிய சோறு, பிழிந்து காயப்போட்ட துணி வரைக்கும் அது ஒரே வேலை. அரைகுறையாக விட்டால் மீதியை அவர் செய்ய வேண்டும், அப்போது நீங்கள் செய்தது அவர் கண்ணில் படாது, நீங்கள் விட்டது மட்டுமே படும். நாளுக்கு ஒரு முறை, “இன்னிக்கு எந்த ஒரு வேலையை நான் எடுத்துக்கிட்டா உனக்கு லேசா இருக்கும்?” என்று கேளுங்கள். பதில் உங்களுக்கு வியப்பாக இருக்கும். பல பெண்கள் கேட்பது சமையலில் உதவி அல்ல, குளிக்கிற பத்து நிமிடம் யாரும் கதவைத் தட்டாமல் இருப்பதைத்தான்.

நன்றி எதிர்பார்ப்பதில் தவறில்லை. அதை நீங்களே தொடங்குங்கள். வெறும் “தேங்க்ஸ்” சீக்கிரம் தேய்ந்துவிடும். எதைச் செய்தார், அதனால் உங்களுக்கு எது மிச்சமாயிற்று என்று இரண்டையும் சொல்லுங்கள்: “நீ சட்டையை இஸ்திரி போட்டு வெச்சதால காலைல ஓடாம கிளம்பினேன்.” ஓரிரு வாரத்தில் அந்தப் பேச்சு அவர் பக்கத்திலிருந்தும் வர ஆரம்பிக்கும். வராவிட்டால், கோபம் இல்லாத ஒரு நேரத்தில், “எனக்கும் இப்படிக் கேக்க ஆசை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பேசினால் கணவர் போனைப் பார்த்துக்கொண்டே “உம்” கொட்டுகிறார். சொன்னால் சண்டை.
– வாசகி, காத்ர் போர்ன்

பதில்: இந்த “உம்” சின்ன விஷயம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், புதிதாக மணமான 130 தம்பதிகளைச் சியாட்டிலில் ஒரு குடியிருப்பில் தங்கவைத்துக் கவனித்தார். “அந்தப் பறவையைப் பாரேன்” என்பது போன்ற சிறு அழைப்புகளுக்கு மற்றவர் திரும்புகிறாரா என்பதைக் குறித்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்திருந்தவர்கள் அன்று 100க்கு 86 முறை திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 முறை. அன்பளிப்பையும் சுற்றுலாவையும்விட இந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான் நாங்கள் முதலில் வைப்போம்.

எல்லா அழைப்புக்கும் உடனே திரும்ப முடியாது, அது உண்மை. முடியாதபோது, “இதை முடிச்சிட்டு வரேன், பத்து நிமிஷம்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் பத்தாவது நிமிடம் அவரே வந்து “என்ன சொல்ல வந்தே?” என்று கேட்க வேண்டும். இரண்டு முறை வராமல் போனால் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடும்.

போனுக்கு வீட்டில் ஓர் இடம் வையுங்கள். சோறு பரிமாறுவதிலிருந்து பாத்திரம் எடுப்பது வரை இருவர் போனும் அலமாரி மேல். உங்களுடையதும்தான், ஒருவருக்கு மட்டும் சட்டம் என்றால் அது நிற்காது. புகாரைச் சொல்லும்போது முதல் வாக்கியம் கவனம். “எப்பவும் இப்படித்தான்” என்று தொடங்கினால் அவர் பழைய கணக்கை எடுப்பார். “நேத்து அம்மாவோட மருந்தைப் பத்திச் சொன்னப்ப நீங்க பாக்கல, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு” என்றால் பேச ஒரு விஷயம் இருக்கிறது. அவர் வேலையிலிருந்து வந்து இறங்கிய முதல் கால் மணி நேரத்தில் இதை எடுக்காதீர்கள்.

நல்ல செய்தியிலும் இதே கவனம் வேண்டும். அவர் “மேனேஜர் பாராட்டினார்” என்றால் “நல்லது” என்று முடித்துவிடாமல், எதற்காக, என்ன சொன்னார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். துன்பத்தில் கூட இருப்பவர்கள் நிறைய. மகிழ்ச்சியை நீட்டித்துக் கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: தைப்பூசக் காவடிக்குக் கணவர் பத்து நாள் விரதம். தனிப் படுக்கை, தனிச் சாப்பாடு. அந்த நாட்களில் விலகிப்போனது போல இருக்கிறது.
– வாசகி, வக்வா

பதில்: பெரும்பாலும் விரதம் அவருக்கு, வேலை உங்களுக்கு என்று ஆகிவிடுவதுதான் மனத்தாங்கலுக்குக் காரணம். பத்து நாளும் வீடு முழுக்கச் சைவம் என்று முடிவு செய்தால் இரண்டு சமையல் இல்லை. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் உணவை அவரே செய்யட்டும். மாலைப் பூசைக்குச் சேர்ந்து உட்காருங்கள், விளக்கேற்றுவது ஒருவர், பூ வைப்பது ஒருவர். வயிறு காலியாக இருக்கும் சாயங்காலத்தில் பணப் பேச்சு வேண்டாம். காவடி அன்று நம் கோடை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். நீங்கள் பக்கத்தில் நடந்து அவர் காலடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவதும், துண்டை நனைத்துப் பிடரியில் வைப்பதும் தொடுகையைவிடக் குறைந்தது அல்ல.

கேள்வி: கணவர் என் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், கை ஓங்குகிறார். நான் இன்னும் அன்பாக நடந்தால் மாறுவாரா?
– பெயர் வேண்டாம்

பதில்: மாட்டார். இங்கே மேலே எழுதியவை எதுவும் உங்களுக்கானவை அல்ல. அடிக்கிறவருக்கு அன்பு காட்டினால் அடி நிற்காது. மொரீஷியஸில் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். 139 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணில் பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறை 999. அடையாள அட்டை, வங்கி அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே வையுங்கள்.

கேள்வி: டிசம்பரில் போனஸ் வந்ததும் மனைவிக்குப் பெரிய பரிசு வாங்க நினைக்கிறேன். என்ன வாங்கலாம்?
– வாசகர், மாஹெபூர்

பதில்: துவைக்கும் இயந்திரம், மிக்சி போன்றவற்றை வீட்டுச் செலவில் வாங்குங்கள், பரிசுத்தாள் சுற்றாதீர்கள். பரிசு அவருக்கு மட்டும் பயன்படுவதாக இருக்கட்டும். கடந்த சில மாதங்களில் கடையில் எடுத்துப் பார்த்து, விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தது ஏதாவது இருக்கும். நினைவில் இல்லையென்றால் இப்போதிருந்தே கவனியுங்கள். போனஸ் வரும்வரை நேரம் இருக்கிறது.